முக்திநாத்துக்கு ஆதார் போதுமா, அலாஸ்கா கப்பலுக்குக் கனடா விசா எதற்கு? எந்த ஆவணத்தை எடுத்துப் போவது?

கூடல்நகர்க்காரி

இரண்டு பயணம், ஒரே வீடு, ஆளுக்கொரு அறிவுரை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதலாவது, ஐப்பசியில் முக்திநாத் யாத்திரை. கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சோனௌலி எல்லை, பிறகு பொக்காரா, ஜோம்சோம். போகிறவர்கள் அம்மா (67), மாமியார் (58), மகன் (16, பிளஸ் ஒன்), நான். அழைத்துப் போகிறவர் பல வருடமாகக் காசி, கயா என்று கூட்டிப் போகிறவர்தான். “எல்லோருக்கும் ஆதார் போதும் அம்மா, நேபாளம் நம் ஊர் மாதிரிதான்” என்கிறார்.

இரண்டாவது, அடுத்த கோடையில் சியாட்டிலில் இருக்கும் தங்கை அம்மாவை அலாஸ்கா கப்பலில் கூட்டிப் போகப் பார்க்கிறாள். தங்கையிடம் கிரீன் கார்டு இருக்கிறது. அவள் மகள் அங்கேயே பிறந்தவள், 9 வயது. அம்மாவிடம் பத்தாண்டு அமெரிக்க விசா இருக்கிறது. “சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறோம், வேறு விசா எதற்கு?” என்கிறாள் தங்கை.

எங்கள் வீட்டு ஆவணங்களின் நிலைமை இது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. மாமியாருக்குப் பாஸ்போர்ட் கிடையாது, வாக்காளர் அட்டை மட்டும். அதில் கணவர் பெயர் அழகர்சாமி, ஆதாரில் அழகர். மகனின் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது.

திருமங்கலத்தான்

அக்கா, யாத்திரைக்காரர் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியும் உங்கள் அம்மாவுக்கு மட்டும்தான்.

இந்தியர்கள் நேபாளம் போகச் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று வேண்டும். ஆதார் இந்தக் கணக்கில் பொதுவாக வராது. 2019 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் ஒரு சலுகை கொடுத்தது: 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் 65 வயதைத் தாண்டியவர்களும் ஆதாரைக் காட்டலாம். உங்கள் அம்மா அதற்குள் வருகிறார். மாமியாரும் நீங்களும் வர மாட்டீர்கள். உங்கள் இருவருக்கும் வாக்காளர் அட்டை போதும்.

சிக்கல் மகனுக்குத்தான். 15 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் ஆதாரிலும் போக முடியாது, வாக்காளர் அட்டையும் அந்த வயதில் கிடைக்காது. பள்ளித் தலைமையாசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் கொடுக்கும் அடையாளச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட். யாத்திரைக் குழுக்களில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் அபூர்வம் என்பதால் அழைத்துப் போகிறவர்களுக்கே இது நினைவில் இருப்பதில்லை.

குடும்பமாகப் போகும்போது ஒரு பெரியவரிடம் சரியான ஆவணம் இருந்தால் மற்றவர்கள் புகைப்படமும் உறவும் தெரியும் ஒரு சான்றைக் காட்டலாம் என்றும் விதி உண்டு. ரேஷன் கார்டை அதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் நம் ஊர் ஸ்மார்ட் கார்டை எடுத்துப் பாருங்கள்: படம் குடும்பத் தலைவருக்கு மட்டும்தான், மற்றவர்கள் பின்பக்கத்தில் வெறும் பெயர்கள். அதை நம்பி மகனைக் கூட்டிப் போகாதீர்கள்.

வெற்றிலைக்கொடி

இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். சோழவந்தானிலிருந்து எங்கள் தெருவே போய்வந்திருக்கிறது. சோனௌலியில் ஒரு நுழைவு வளைவு, அதைத் தாண்டினால் நேபாளம். சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே கடக்கிறார்கள். இந்தியன் என்று முகத்தைப் பார்த்தே விட்டுவிடுவான். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் எடுக்கும் 1,500 ரூபாயை உண்டியலில் போடலாம்.

திருமங்கலத்தான்

கேட்கவில்லை என்பதும் கேட்கமாட்டார்கள் என்பதும் ஒன்றா ஐயா? எல்லையில் நம் பக்கம் சசஸ்திர சீமா பல் என்ற எல்லைக் காவல் படை நிற்கிறது, நினைத்தால் கேட்கும். அதையும் விடுங்கள். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே 67 வயது அம்மாவுக்கு மூச்சுத் திணறினால் மறுபடி மூன்று நாள் பஸ்ஸிலும் ரயிலிலுமா கொண்டு வருவார்கள்? காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு விமானம்தான். விமான நிலையத்தில் ரிக்‌ஷாக்காரர் இல்லை, குடியேற்ற அதிகாரி உட்கார்ந்திருப்பார். அம்மாவை ஆதாரில் விடுவார்கள். ஆதார் மட்டும் கையில் இருந்தால், கூடவே போக வேண்டிய உங்களை எதை வைத்து விடுவார்கள்?

வெற்றிலைக்கொடி

அதுவும் நியாயம்தான். ஆனால் நான் சொன்னது வாக்காளர் அட்டையோடு போனவர்களைப் பற்றி. ஆதாரோடு மட்டும் போகச் சொல்லவில்லை.

பழைய துறைமுகம்

தூத்துக்குடியில் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று நாகமலையில் இருக்கிறேன். நேபாளத்தைத் தம்பி சொல்லிவிட்டார். கப்பலுக்கு வருகிறேன்.

எந்தப் பயணத்துக்கும் நான் கேட்கச் சொல்வது ஒரு கேள்வி: திட்டம் பாதியில் கெட்டு, அங்கிருந்து விமானத்தில் திரும்ப நேர்ந்தால் கையில் என்ன இருக்க வேண்டும்? முகவர்கள் எப்போதும் ஏறுவதற்கு எது போதும் என்பதைச் சொல்வார்கள். அவர்கள் பொறுப்பு அதோடு முடிகிறது.

இப்போது உங்கள் தங்கையின் கேள்வி. சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்கினாலும் அந்தக் கப்பல் கனடாவைத் தொடும். அது பயணிகளுக்கு ஊர் காட்டுவதற்காக மட்டும் செய்வதல்ல, சட்டம். அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டுப் பயணிகள் கப்பல் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டுமே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. இந்தப் பெரிய சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா கொடி கட்டியவை. ஆகவே சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்த் திரும்பும் வழியில் ஒரு கனடாத் துறைமுகத்தில் நின்றாக வேண்டும். பெரும்பாலும் விக்டோரியா, கடைசி நாள் மாலை, சில மணி நேரம். 2021இல் கொரோனாவுக்காகக் கனடா துறைமுகங்களை மூடியபோது இதற்காகவே அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்கள் அம்மாவுக்குக் கனடா வருகையாளர் விசா வேண்டும். அமெரிக்க விசா அங்கே செல்லாது. “நான் இறங்கமாட்டேன், கப்பலிலேயே இருந்துகொள்கிறேன்” என்ற பேச்சும் எடுபடாது. கப்பல் நிறுவனம் சியாட்டிலில் ஏற்றும்போதே விசாவைப் பார்க்கும். இல்லாதவரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகும், பணமும் திரும்பாது.

கூடல்நகர்க்காரி

ஐயா, தங்கை இதைப் படித்துவிட்டு, அமெரிக்க விசா இருந்தால் கனடாவுக்கு இணையத்திலேயே அனுமதி கிடைக்கும் என்று ஒரு காணொளியை அனுப்பியிருக்கிறாள்.

பழைய துறைமுகம்

அது 2023 ஜூனில் பதின்மூன்று நாடுகளுக்குக் கொடுத்த சலுகை. பிலிப்பைன்ஸ், தாய்லாந்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, இந்தியா இல்லை. மேலும் அது விமானத்தில் போகிறவர்களுக்கு மட்டும். காணொளி போட்டவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

விசாக் கட்டணம் 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. கைரேகை 14 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு உண்டு, ஆகவே அம்மா கொடுத்தாக வேண்டும். அமெரிக்கா போன பிறகு விண்ணப்பித்தால் ஒப்புதல் வந்ததும் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டும். இங்கிருந்தே விண்ணப்பியுங்கள். சென்னைக்கு ஒரு நடை, அவ்வளவுதான்.

தல்லாகுளம் டூ டகோமா

வணக்கம், நான் தங்கை இருக்கும் மாநிலத்திலேயே இருக்கிறேன். பழைய துறைமுகம் ஐயா சொன்னது அப்படியே சரி. தங்கை, குழந்தை பற்றி நான் சேர்க்கிறேன்.

தங்கைக்குக் கனடா விசா வேண்டாம். கிரீன் கார்டுக்காரர்களுக்கு அது தேவையில்லை. ஆனால் 2022 ஏப்ரலிலிருந்து கிரீன் கார்டோடு செல்லுபடியாகும் சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். இங்கே பலர் கிரீன் கார்டு வந்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை அலமாரியில் போட்டு மறந்துவிடுகிறார்கள். ஊருக்கு டிக்கெட் போடும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குழந்தை அமெரிக்கக் குடிமகள். அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அதே துறைமுகத்தில் இறங்கும் கப்பலுக்கு, 2009 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள எல்லை விதியின்படி, அவளுக்குப் பிறப்புச் சான்றிதழே போதும். பெரியவர்களாக இருந்தால் அதோடு அரசு கொடுத்த புகைப்பட அட்டை. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் “கப்பலுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்” என்கிறார்கள். அந்தப் பேச்சு அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் பொருந்தும். நம் பெற்றோருக்கு அதைப் பொருத்திப் பார்ப்பதில்தான் எல்லாக் குழப்பமும்.

அப்புறம் அமெரிக்கக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் கார்டு என்று ஒன்று உண்டு, ஓட்டுநர் உரிமம் அளவில். கனடா, மெக்சிகோ, கரீபியன் தீவுகள், பெர்முடா ஆகிய இடங்களிலிருந்து தரை வழியாகவும் கடல் வழியாகவும் திரும்ப அது செல்லும். வெளிநாட்டு விமானத்துக்குச் செல்லாது. குழந்தைக்கு விக்டோரியாவில் குடல்வால் வலி வந்து கப்பல் கிளம்பிவிட்டது என்று வையுங்கள். படகில் சியாட்டில் திரும்பலாம், விமானத்தில் முடியாது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பாஸ்போர்ட் புத்தகம் மொத்தம் 135 டாலர், ஐந்து ஆண்டு செல்லும். எப்படியும் மதுரைக்கு வர அது வேண்டும், எடுத்துவிடச் சொல்லுங்கள்.

நட்சத்திரம் போட்ட ரியல் ஐடி ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி எல்லையைக் கடக்கலாம் என்று இங்கே நிறையப் பேர் நம்புகிறார்கள். 2025 மே 7 முதல் அது உள்நாட்டு விமானத்துக்குக் கேட்கும் அட்டை, அவ்வளவே. எல்லைக்கு உதவுவது மேம்படுத்தப்பட்ட ஓட்டுநர் உரிமம் என்ற வேறொன்று. வாஷிங்டன், மிச்சிகன், மினசோட்டா, நியூயார்க், வெர்மான்ட் மாநிலங்களில் மட்டும், அதுவும் குடிமக்களுக்கு மட்டும்.

கூடல்நகர்க்காரி

நன்றி தம்பி. அம்மாவின் ஒற்றைப் பெயருக்கு என்ன செய்வது? அப்பா பெயரைச் சேர்த்துப் புதிதாக எடுத்துவிடலாமா?

தல்லாகுளம் டூ டகோமா

அமெரிக்க விசா ஒட்டியிருக்கும்போது கை வைக்காதீர்கள். அம்மாவின் விசாவைப் பாருங்கள்: குடும்பப் பெயர் இடத்தில் அம்மா பெயரும், சொந்தப் பெயர் இடத்தில் எஃப் என் யூ என்ற மூன்று எழுத்தும் இருக்கும். பெயர் இல்லை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் குறி அது. பாஸ்போர்ட்டின் காலம் மட்டும் முடிந்து, அதே பெயரில் புதியது வாங்கினால் பழையதில் இருக்கும் விசா செல்லும். இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோனால் போதும். பெயரே மாறினால் புது விசா எடுக்கச் சொல்வார்கள். இன்றைக்கு நேர்முகத்துக்குத் தேதி வாங்குவது அவ்வளவு எளிதா?

விமானம், கப்பல் இரண்டிலும் இணையப் படிவம் இரண்டு பெயர் இல்லாமல் நகராது. நீங்களாக ஒன்றை நிரப்பாமல் அந்தந்த நிறுவனத்தைக் கேட்டு அவர்கள் சொல்லும் முறையில் போடுங்கள். எல்லா டிக்கெட்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

திருமங்கலத்தான்

மதுரையிலிருந்து துபாய் வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா தருவதில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் மாவட்டத்தில் முன்னெழுத்தோடு வாழ்ந்தவர்கள்தான் அதிகம், இது நம்மைத்தான் அடிக்கிறது. இடையில் இறங்கி துபாயில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்ற யோசனை இருந்தால் முதலில் விமான நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாகூர் தர்கா சாலை

கப்பல் என்றதும் வந்தேன். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை படகைப் பற்றி யாருமே பேசவில்லையே? 2023 அக்டோபர் 14இல் தொடங்கியது, சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டிலிருந்து ‘சிவகங்கை’ என்ற கப்பல் ஓடியது. நான்கு மணி நேரப் பயணம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் ஏற முடியாது. இலங்கையின் மின்னணுப் பயண அனுமதிக்கும் முன்கூட்டியே விண்ணப்பித்துக்கொள்வது நல்லது, பாஸ்போர்ட் ஆறு மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும்.

என் உறவினர் குடும்பம் மதுரையில் ஒரு முகவரிடம் பணம் கட்டியது. “நம் கடல்தானே, பெரியவர்களுக்கு ஆதார் போதும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார் அந்த மனிதர். இரவெல்லாம் பஸ்ஸில் வந்து விடியற்காலையில் துறைமுக வாசலில் நின்றார்கள். பாஸ்போர்ட் இருந்த இரண்டு பேரையும் போகச் சொன்னார்கள், பாட்டியையும் தாத்தாவையும் விட்டுவிட்டு அவர்கள் எப்படிப் போவார்கள்? வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு ஊர் திரும்பினார்கள். பணம் இன்னும் வரவில்லை.

வெற்றிலைக்கொடி

எங்கள் தாத்தா தனுஷ்கோடியில் ஏறித் தலைமன்னார் போய் வியாபாரம் செய்தவர். 1964 புயலோடு தனுஷ்கோடித் துறைமுகம் போயிற்று. அந்தக் காலத்தில் இவ்வளவு காகிதமா கேட்டார்கள்?

பரமக்குடி வைகை

இன்றைக்கும் பாஸ்போர்ட் இல்லாமல் போகக்கூடிய ஒரு வெளிநாட்டு மண் இருக்கிறது ஐயா, நம் பக்கத்திலேயே. கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழா. 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவில், இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்புபோல அங்கே வந்து போகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்று எழுதியிருக்கிறது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ராமேசுவரத்திலிருந்து படகுகள் போகும். ஆனால் நினைத்தபடி ஏறிவிட முடியாது. முன்பே பெயரைப் பதிந்து, அடையாளச் சான்றின் நகலைக் கொடுத்து, பட்டியலில் பெயர் வந்தால்தான் படகு.

தெப்பக்குளம் ராஜி

சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய்த் திரும்பும் கப்பலுக்கு என்ன வேண்டும்? மலேசியாவுக்கு இப்போது விசா வேண்டாமாமே?

பழைய துறைமுகம்

மலேசியா 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா கேட்பதில்லை, வருகை அட்டையை மட்டும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அம்மா, இடறுவது சிங்கப்பூரில்தான். விமானத்தில் இறங்கும்போது ஒரு நுழைவு, கப்பலிலிருந்து திரும்பும்போது இன்னொரு நுழைவு. ஆகவே பலமுறை நுழையும் விசாவா என்று அச்சிட்ட தாளில் பாருங்கள். மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் பஸ்ஸில் ஒரு நாள் போய்வருவதற்கும் இதே கணக்குதான்.

உள்நாட்டுக் கப்பல்களையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து அந்தமானுக்கு இந்தியர்கள் அரசு அடையாள அட்டையோடு போகலாம், பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும் தனி அனுமதி. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு இந்தியராக இருந்தாலும் நுழைவு அனுமதி வாங்க வேண்டும்.

கூடல்நகர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடித்துவிட்டோம். மகனுக்கும் மாமியாருக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறோம். மாமியாருக்குப் பள்ளிச் சான்றிதழ் எதுவும் இல்லை. பிறப்புச் சான்று இல்லாமல் கொடுப்பார்களா? பத்தாவது படிக்காதவர் என்பதால் குடியகல்வுச் சோதனை முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டும் என்ற குறி) விழுமா?

திருமங்கலத்தான்

பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்ற கட்டாயம் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு. மாமியார் காலத்தவர்களுக்குப் பான், வாக்காளர் அட்டை, எல்ஐசி பத்திரம் என்று பலவற்றில் ஒன்று போதும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த முத்திரை விழாது.

ஆனால் அழகர்சாமி, அழகர் விவகாரத்தை முதலில் சரிசெய்யுங்கள். பாஸ்போர்ட் சேவை மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கட்டமாகக் கவுன்ட்டர்கள் இருக்கும். ஏ கவுன்ட்டரில் கைரேகையும் படமும் எடுத்து ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவார்கள். பி கவுன்ட்டரில் இருப்பவர் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் படிப்பார். அங்கேதான் மதுரைப் பாதி திரும்பி வருகிறது. வாக்காளர் அட்டைத் திருத்தத்துக்குப் படிவம் 8, இணையத்திலேயே போடலாம். எது சரியான பெயரோ அதற்கு மற்றதைக் கொண்டுவாருங்கள். எப்படியும் நேபாளத்துக்கு வாக்காளர் அட்டை கையில் இருப்பது நல்லது, ஐப்பசிக்குள் பாஸ்போர்ட் வராமல் போனால் உதவும்.

பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், தட்கால் என்றால் மேலும் 2,000. உங்களுக்கு அவசரமில்லை, சாதாரணமே போதும்.

கூடல்நகர்க்காரி

மகனுடையது தாமதமானால் தலைமையாசிரியர் சான்றிதழை வைத்துக்கொள்ளலாமா? பள்ளியில் கேட்டதற்கு, வழக்கமான நன்னடத்தைச் சான்றிதழ் தருகிறோம் என்கிறார்கள்.

திருமங்கலத்தான்

நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டாம் அக்கா, அது வேறு. நேபாளப் பயணத்துக்கான அடையாளச் சான்றிதழ் படிவத்தை அச்செடுத்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மகனின் படத்தை ஒட்டி, பள்ளி முத்திரை பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழும்படி வாங்கிக்கொள்ளுங்கள். மறக்காமல் அசலையே கொண்டுபோங்கள், செல்பேசியில் படம் எடுத்து வைத்தது எல்லையில் உதவாது. காலாண்டு விடுமுறை விட்டால் தலைமையாசிரியரைப் பிடிக்க முடியாது, இந்த வாரமே போங்கள்.